எதிர்வீடு வரை வந்த கோடு

கர்சர் மறுபடியும் விளக்குக் கம்பத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சின்னவள் அதைச் சாலையின் நடுவில்தான் வைத்தாள். சத்தியமாக நடுவில்தான் வைத்தாள். மவுஸை அழுத்துவதற்குள் அது துள்ளிப் போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்த முறை கம்பத்தை விட்டுவிட்டு ஒரு வீட்டு மதிலின் மூலையைப் பிடித்துக்கொண்டது.

"ஏன் இப்படி என் உயிரை வாங்குற?" என்றாள் திரையைப் பார்த்து.

"என்னையா கேட்டீங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர். யார் வரைந்தாலும் அதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. சரிபார்ப்பவர் என்பது பதவி, பூதக்கண்ணாடி என்பது அலுவலகம் வைத்த பெயர்.

"உங்களை இல்ல சார். இந்தச் சனியனை."

"ஒட்டை அணைச்சிட்டு வரைங்க. முதல்லயே அணைச்சிருந்தா இந்தக் கதியே வந்திருக்காது" என்றார் அவர். ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார். அவர் ஆறுதல் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

ஒட்டு என்பது வரைபட மென்பொருளில் இருக்கும் ஒரு வசதி. பெயர்தான் வசதி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எல்லைகள் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் சேர வேண்டுமானால் அது இல்லாமல் ஆகாது. கர்சர் கிட்டே போனாலே ஏற்கெனவே இருக்கும் புள்ளியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் எதைப் பிடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் கம்பம், மதில், சாக்கடை மூடி என்று அகப்பட்டதையெல்லாம் பிடிக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்து பிடிக்கும் என்பதோ திரைக் கணக்கு. படத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்து வரைந்தால் திரையில் ஒரு விரல் நுனி தரையில் ஒரு முழம். சிறிதாக்கி வைத்து வரைந்தால் அதே விரல் நுனி ஒரு வீட்டையே தாண்டும்.

இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது. சின்னவளே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் பள்ளி எல்லைகளை வரையச் சொன்னபோது பிரிவுத் தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று நச்சரித்தார். பெரிதாக்கி, நகர்த்தி, பெரிதாக்கி, நகர்த்தி வரைய யாருக்குப் பொறுமை இருக்கிறது? நகரத்தின் பாதியைத் திரையில் வைத்துக்கொண்டு, சாலை, கம்பம், மதில் என்று படத்தின் எல்லா அடுக்குகளிலும் ஒட்டைத் திறந்துவிட்டு, மளமளவென்று வரைந்து தள்ளினாள்.

வேலை என்னவோ எளிதுதான். எந்தெந்தத் தெருக்கள் எந்தப் பள்ளிக்கு என்று கல்வி அலுவலகம் எழுத்தில் கொடுத்துவிட்டது. அதைக் கோடாக்க வேண்டும். கோட்டுக்குள் வீடு இருந்தால் பிள்ளைக்கு அந்தப் பள்ளி. வெளியே இருந்தால் அடுத்த பள்ளி. பெற்றோர் முகவரியைத் தட்டினால் கம்ப்யூட்டரே பதில் சொல்லும். கெஞ்சலும் கிடையாது, சிபாரிசும் கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டர்தான் போன வாரம் அக்காவுக்கு வேறு பள்ளி என்று சொல்லிவிட்டது.

அக்கா மருத்துவமனையில் நர்ஸ். ஷிஃப்ட் முறை, வாரம் ஒரு நேரம். மாமா லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் தூங்குகிறார், எழுந்தால் கிளம்புகிறார். ஒரே மகள், வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், இந்த வருடம்தான் பள்ளிக்குப் போகப்போகிறாள். அக்காவின் சமையலறை ஜன்னலில் நின்றால் பள்ளிக்கூடத்தின் மாடி தெரியும். அது கிடையாதாம். பஸ் ஏறி, நடுவில் மாறி, ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்கூடமாம். ஐந்து வயதுப் பிள்ளையை யார் தினமும் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது? அக்கா எப்போதும் நம்பி இருப்பது சந்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தையல்கார அக்காவைத்தான். அவளுக்கும் அதே வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவிட்டு ஒன்றாகக் கூட்டி வருவதாகப் பேச்சு. ஆனால் தையல்கார அக்காவின் வீட்டுக்கு மட்டும் பக்கத்துப் பள்ளி கிடைத்துவிட்டது.

"எதிர்வீடு உள்ளே, நான் வெளியே. ஒரு சந்துதாண்டி நடுவுல. என்ன கோடு போட்டிருக்க நீ?" என்று அக்கா போனில் வெடித்தாள். சொந்தத் தங்கை வரைந்த கோடு என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் சின்னவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நேராகத் தங்கையின் அலுவலகத்துக்கே ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அது இன்று காலை சுற்றிச் சுற்றிப் பிரிவுத் தலைவரின் மேசைக்கு வந்தது.

"உங்க குடும்பச் சண்டையை ஆபீஸ் வரைக்கும் கொண்டுவந்துட்டீங்களே" என்றார் பிரிவுத் தலைவர். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: வரைந்த கைதான் திருத்த வேண்டும், வேறு கண்தான் பார்க்க வேண்டும். அதனால் கோப்பு சின்னவளுக்கும் பூதக்கண்ணாடிக்கும் வந்தது. மானம் போனது மட்டும் அவளுக்கு.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் படத்தைத் திறந்தாள். திறந்து, அக்காவின் தெருவைப் பெரிதாக்கியதும் அவள் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பெரிய சாலையோடு ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடு, வளைவு தாண்டியதும் சட்டென்று தெற்கே இறங்கி, தையல்கார அக்காவின் வீட்டுச் சந்துப்பக்க மதிலின் மூலையைத் தொட்டுவிட்டு, மறுபடியும் சாலைக்கே ஏறிப் போயிருந்தது. எந்தக் கல்வி அலுவலகமும் இப்படி ஒரு கொம்பு போட்டு எல்லை சொல்லாது. தவறுதான், அப்பட்டமான தவறு. தவறு என்றால் திருத்தலாம். திருத்தினால் அக்கா உள்ளே வந்துவிடுவாள், யாருக்கும் சலுகை காட்டியதாகவும் ஆகாது.

அங்கேதான் அவசரக்குடுக்கையாக ஒரு காரியம் செய்தாள். மேற்கொண்டு ஒரு வரி படிப்பதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கோட்டுல தப்பு இருக்கு. நான் சரி பண்ணிடுறேன்."

"நான் சொன்னேன்ல" என்றாள் அக்கா. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா சுலபத்தில் அழுகிறவள் இல்லை. "உன்னை ரொம்பப் பேசிட்டேண்டி. மனசுல வச்சுக்காத."

அந்தக் குளிர்ச்சியில் வரைய உட்கார்ந்தவளைத்தான் கர்சர் கம்பத்துக்கும் மதிலுக்கும் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி சொன்னபடி ஒட்டை அணைத்தாள். அணைத்ததும் கோடு சாதுப் பசுவாக நடந்தது. ஆனால் பக்கத்துப் பள்ளியின் எல்லையோடு போய்ச் சேர வேண்டிய இடத்தில் இடைவெளி விழுந்துவிட்டது. "இந்த இடுக்குல இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துக்குங்க போவாங்க?" என்றார் பூதக்கண்ணாடி, எட்டிப் பார்த்து. ஒட்டு இருந்தாலும் வேதனை, இல்லாவிட்டாலும் வேதனை. மற்ற எல்லா அடுக்குகளையும் மூடி, பள்ளி எல்லைகளை மட்டும் பிடிக்கும்படி ஒட்டை வைத்தாள். முதல் நாளே இதைச் செய்திருந்தால் இவ்வளவு கூத்து இல்லை. கல்வி அலுவலகத்தின் வாசகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படித்தாள்: வளைவிலிருந்து மேம்பாலம் வரை, பெரிய சாலையின் நடுக்கோடு.

மூலையில் கிடந்த புள்ளியைப் பிடித்து இழுத்து, சாலையின் நடுவில் வைத்தாள். கொம்பு மறைந்து கோடு நேராகிவிட்டது. அக்காவின் கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தது, வெளியே. தையல்கார அக்காவின் வீடும் வெளியே வந்திருந்தது.

அவளுக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை. கோட்டைப் பார்த்தாள், வாசகத்தைப் பார்த்தாள், மறுபடி கோட்டைப் பார்த்தாள். பள்ளிக்கூடம், பிறகு பெரிய சாலை, பிறகு தையல்கார அக்காவின் வீட்டு வரிசை, பிறகு சந்து, அதற்கும் அப்பால்தான் அக்காவின் கட்டடம். எல்லை பெரிய சாலையோடு நின்றுவிடுகிறது. சந்து வரைக்கும் அது வரவே இல்லை. ஒட்டு இழுத்த இழுப்பில் ஒரே ஒரு வீடு மட்டும் தவறாக உள்ளே போயிருக்கிறது. அக்கா தனக்கு அநியாயம் நடந்தது என்று கத்தினாள். நடந்தது எதிர்வீட்டுக்கு அதிர்ஷ்டம்.

யாரும் கேட்டிருக்காவிட்டால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை பக்கத்துப் பள்ளிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். சின்னவளுக்கு அக்கா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா இவளுக்கு? அடுத்த நொடியே தன் மேலும் வந்தது. வரைந்தது யார்?

புள்ளியை மறுபடியும் பிடித்தாள். சாலையிலிருந்து இறக்கி, தையல்கார அக்காவின் வீட்டைத் தாண்டி, சந்தைத் தாண்டி, அக்காவின் கட்டடத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். கொம்பு இன்னும் பெரிதாக நீண்டது. இரண்டு பெண்களும் உள்ளே. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கூடவே அந்தக் கட்டடத்தின் மற்ற வீடுகள் அத்தனையும் உள்ளே வந்தன, அந்தப் பக்கம் வரிசையில் நிற்கும் வேறு யாருடைய பிள்ளைகளின் இடத்தையோ எடுத்துக்கொண்டு.

"அது எந்த வாசகத்துல இருக்கு?" என்றார் பூதக்கண்ணாடி. அவர் எப்போது நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை.

"எதுலயும் இல்ல சார். சும்மா பார்த்தேன்."

"நானும் சும்மாதான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் மேசைக்குத் திரும்பினார். அந்த மனிதரை அவள் ஆயிரம் முறை சபித்திருக்கிறாள். இன்று சபிக்க வாய் வரவில்லை. புள்ளியைச் சாலையின் நடுவுக்கே கொண்டுபோய் வைத்து, சேமித்து, அவருக்கு அனுப்பினாள். அவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். நாளைக் காலை புதிய எல்லை கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அதற்கு முன்னால் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மாலையில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

கதவைத் திறந்ததும் உள்ளே சிரிப்புச் சத்தம். கூடத்தின் நடுவில் வாலு ஸ்டூல் மேல் கையை விரித்துக்கொண்டு நின்றாள். தையல்கார அக்கா அவள் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய மகள் பச்சைப் பாவாடை ஒன்றைப் போட்டுக்கொண்டு தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளியின் யூனிஃபார்ம் பச்சை.

"வாம்மா, உன்னைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள் தையல்கார அக்கா. "என் பொண்ணுக்குத் தைச்சாச்சு. இவளுக்கும் இன்னைக்கே வெட்டிட்டா நாளைக்கு முடிச்சிருவேன். துணி ஒரே கட்டுல எடுத்ததுதான்."

"எதுக்குக்கா இவ்வளவு அவசரம்?"

"நீதான் சரி பண்ணிட்டியாமே. எனக்கு அப்பவே தெரியும். உங்க அக்கா ஆட்சேபம் எழுதினப்ப, தெருவுல இன்னொருத்தரும் கையெழுத்துப் போடணும்னாங்களாம். ஒருத்தரும் முன்வரல. நானே போட்டேன். நமக்குக் கிடைச்சிருச்சேன்னு சும்மா இருக்க முடியுமா?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா பெருமையாகத் தலையாட்டினாள். டீ வந்தது, குடித்தாள். வாலு மடியில் ஏறினாள், இறக்கிவிட்டாள். தையல்கார அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டு, தன் மகளைக் கூப்பிட்டுக்கொண்டு, "நேரமாச்சு, மிஷின்ல வேலை அப்படியே கிடக்கு" என்று கிளம்பும்வரை சின்னவள் வந்த விஷயத்தை எடுக்கவில்லை.

கதவு சாத்தியதும் சொன்னாள். வாசகம், பெரிய சாலை, கொம்பு, மதில் மூலை எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா முதலில் நம்பவில்லை.

"காலையில தப்பு இருக்குன்ன."

"இருந்துச்சு. அவங்க வீட்டை உள்ளே விட்டதுதான் தப்பு."

"அப்ப எனக்கு?"

"உனக்கு எப்பவுமே கிடையாதுக்கா. கோடு உன் பக்கம் வரவே இல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. சின்னவள் அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தாள். திட்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். அக்கா விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப ரெண்டு பேருக்கும் அந்தத் தூரத்துப் பள்ளிக்கூடந்தானா?"

"ஆமா."

"அவளும் அவ பொண்ணைக் கூட்டிட்டு தினமும் பஸ்ல போய்த்தானே ஆகணும்?"

"ஆமா."

அக்கா மூச்சை விட்டாள். அது பெருமூச்சு இல்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைக்கிறவள் விடும் மூச்சு. "அப்ப பரவால்ல" என்றாள். "வாலுவை அவளோடயே அனுப்பிடலாம்."

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பரவால்லையா? உனக்காகக் கையெழுத்துப் போட்டவங்கக்கா அவங்க. உன் பிள்ளைக்குத் துணி வெட்டப் போயிருக்காங்க."

"நான் என்னடி பண்ணட்டும்? நானா வரைஞ்சேன்? எனக்கு அடுத்த மாசம் காலை ஷிஃப்ட். பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்னு எத்தனை நாள் தூக்கமில்லாம கிடந்தேன்னு உனக்குத் தெரியுமா?" அக்காவின் குரல் உடைந்தது. பிறகு தாழ்ந்தது. "அவகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நாளைக்குத் தானா தெரிஞ்சுக்கட்டும். என் ஆட்சேபத்தாலதான்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அக்கா மாடிப்படி வரை கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தைக் கடந்தால் எதிர்வீடு. கதவு திறந்தே இருந்தது. தையல்கார அக்கா மிஷின் பக்கத்து மேசையில் பச்சைத் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் இன்னும் துணியில் படவில்லை.

"வெட்டாதீங்கக்கா" என்றாள் சின்னவள்.

நடந்ததையெல்லாம் சொன்னாள். தையல்கார அக்கா சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அவள் மகள் உள் அறையில் தனக்குத்தானே ஒன்று, இரண்டு சொல்லி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தக் கையெழுத்தைப் போடாம இருந்திருந்தா?"

"யாரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்றாள் சின்னவள். அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "ஆனா தப்பு உங்களோடது இல்ல. நான் அவசரத்துல வரைஞ்சது. என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க."

"உன்னைத் திட்டி என்னம்மா ஆகப்போகுது." தையல்கார அக்கா துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு மடிப்பு கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி மடித்தாள். "உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். இப்பதான் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

காலையிலிருந்து ஒரு புள்ளியைச் சரியான இடத்தில் வைக்கத்தான் சின்னவள் இந்தப் பாடு பட்டாள். இப்போது வாயைத் திறந்தாள். அக்கா சொன்னதை அப்படியே சொல்லத்தான் திறந்தாள்.

"ரொம்ப வருத்தப்பட்டா" என்றாள்.

தையல்கார அக்கா தலையாட்டினாள். அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "அவ அப்படித்தான். தன் பிள்ளைக்கு இல்லைங்கறதைவிட என் பிள்ளைக்குப் போச்சேன்னுதான் வருத்தப்பட்டிருப்பா" என்றாள். மடித்த துணியை அலமாரியின் மேல் தட்டில் தள்ளிவைத்தாள். "காலை ஷிஃப்ட் வேற வருதுன்னு புலம்பிக்கிட்டிருந்தா. நீ போய்ச் சொல்லு, ரெண்டு பேரையும் நானே பஸ்ல கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுறேன்னு. அவ அதை நினைச்சு உடம்பைக் கெடுத்துக்க வேண்டாம்."

"சொல்றேன்க்கா" என்று சின்னவள் வெளியே வந்தாள். எதிரே பால்கனியில் அக்கா நின்றுகொண்டு, என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.